தெருவிலிருந்து வருபவர்களுக்கு நிரந்தர வீடு: நிபந்தனையும் காலக்கெடுவும் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகளாகத் தெருவோரத்திலும் இரவுக் காப்பகங்களிலும் மாறி மாறிக் காலம் கழித்துவரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நிரந்தரமான வீட்டையும், அந்த வீட்டில் நிலைத்திருக்க வேண்டிய உதவியையும் சேர்த்தே அளிக்கும் திட்டம் ஒன்றை எங்கள் அறக்கட்டளை தொடங்க இருக்கிறது. சுமார் முப்பது சிறு வீடுகள் கொண்ட ஒரே கட்டடம் கைக்கு வந்துள்ளது. ஒவ்வொரு வீட்டிலும் தனிச் சமையலறையும் கழிப்பறையும் இருக்கின்றன. வர இருப்பவர்களில் பலருக்கு மனச்சிதைவு நோய், நீண்டகால மதுப்பழக்கம், ஆறாத கால்புண், கவனிக்கப்படாத நீரிழிவு ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

நிர்வாகக் குழுவில் கருத்து வேறுபாடு எழுந்துள்ளது. குடியை முழுதாக விட்டவர்களுக்கும் மருந்தை ஒழுங்காக உட்கொள்ள ஒப்புக்கொள்பவர்களுக்கும் மட்டுமே வீடு தர வேண்டும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் வீட்டைக் காலி செய்து அடுத்தவருக்கு வழிவிட வேண்டும் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. இவ்விரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை; ஆனால் என் மறுப்புக்குப் போதிய அடிப்படை இருக்கிறதா என்பதை இத்துறையில் பணியாற்றுபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

‘ஆதரவு’ என்று திட்ட அறிக்கையில் ஒரே வரியில் எழுதிவிட்டோம். நடைமுறையில் அது என்ன, எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் வேண்டும், எல்லோரையும் ஒரே கட்டடத்தில் வைப்பது சரியா என்பவற்றையும் அறிய வேண்டும். நிதிக் குழுவின் கூட்டம் அடுத்து வருவதால், விரிவாகப் பதில் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (திட்ட ஒருங்கிணைப்பாளர்)

இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் மறுப்புக்கு வலுவான அடிப்படை இருக்கிறது.

முதலில் காப்பகம், பிறகு மறுவாழ்வு இல்லம், அதன்பின் தற்காலிக வீடு, கடைசியில் சொந்த வாடகை வீடு என்று படிப்படியாக ஏற்றிவிடும் முறைதான் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ஒவ்வொரு படியிலும் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும், சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால் மீண்டும் கீழ்ப்படி. இதில் கடைசிப் படிவரை ஏறியவர்கள் பெரும்பாலும் நோய் குறைவாக இருந்தவர்களே. யாருக்கு உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ அவர்களே நடுவழியில் கழிக்கப்பட்டார்கள். தெருவில் படுத்துக்கொண்டு மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வதும், இரவுக் குளிரையும் அச்சத்தையும் குடியில்லாமல் கடப்பதும் எவ்வளவு கடினம் என்பதை உங்கள் குழுவில் நிபந்தனை கேட்பவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வீடு இருந்தால்தான் செய்ய முடிகிற ஒன்றை, வீடு பெறுவதற்கான தகுதியாக வைக்கிறோம்.

1992 இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’ அமைப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. வீட்டை முதலில் தந்தது. சிகிச்சையை விருப்பத்திற்கு விட்டது. ஆனால் பணியாளர்கள் வருவதை மட்டும் நிறுத்தவில்லை. 225 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2004 இல் வெளியானது. நிபந்தனையின்றி வீடு பெற்றவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீட்டில் நிலைத்திருந்தனர் என்றும், அவர்களுடைய குடியோ மனநோய் அறிகுறிகளோ, வழக்கமான படிப்படி முறையில் விடப்பட்ட மற்றப் பிரிவினரைவிட மோசமாகிவிடவில்லை என்றும் அது காட்டியது. வீட்டைக் கொடுத்துவிட்டால் குடிப்பதற்கு ஊக்கம் கொடுத்ததாகிவிடும் என்ற அச்சத்திற்கு இதைவிட நேரான பதில் இல்லை. பின்னர் கனடாவில் 2009 முதல் 2013 வரை வான்கூவர், வின்னிபெக், டொராண்டோ, மான்ட்ரியல், மாங்க்டன் ஆகிய ஐந்து நகரங்களில் 2,000 பேருக்கு மேற்பட்டோரை வைத்து நடந்த ‘அட் ஹோம்’ ஆய்வில், கடைசி ஆறு மாதங்கள் முழுவதும் வீட்டிலேயே இருந்தவர்கள், இதே முறையில் முதலில் வீடு பெற்றவர்களில் 62 விழுக்காடு. வழக்கமான சேவைகளை மட்டும் பெற்றவர்களில் 31 விழுக்காடு.

நிபந்தனை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். கனடாவில் பங்கேற்றவர்கள் வருமானத்தில் 30 விழுக்காடு வரை வாடகையாகச் செலுத்தினார்கள். வாரம் ஒருமுறையாவது பணியாளரைச் சந்திக்க ஒப்புக்கொண்டார்கள். மற்ற எந்த வாடகைதாரரையும் போலவே அக்கம்பக்கத்தாருக்கு இடையூறு செய்யாமல் இருக்கக் கடமைப்பட்டிருந்தார்கள். ஆகவே வாடகை ஒப்பந்தத்தையும் சிகிச்சைத் திட்டத்தையும் இரண்டு தனித் தாள்களில் எழுதுங்கள். ஒன்றை மீறினால் மற்றொன்று ரத்தாகக் கூடாது. முடிந்தால் வாடகை வாங்குபவரும் ஆதரவு தருபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். வீட்டைப் பறிக்கும் அதிகாரம் கையில் உள்ளவரிடம் ‘நேற்று மறுபடி குடித்துவிட்டேன்’ என்று யாரும் மனம்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இரண்டு ஆண்டுக் காலக்கெடு என்பது, மனச்சிதைவு இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்று நம்புவதற்குச் சமம். போகும் நாள் தெரிந்த வீட்டில் மனிதர் வேர் விடுவதில்லை. யாரும் அங்கேயே கிடக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. உடல்நிலையும் வருமானமும் தேறி, ஆதரவு தேவைப்படாத நிலைக்கு வந்தவர்கள் விரும்பினால் வாடகை உதவியோடு வேறு வீட்டுக்கு மாற வழி செய்து வையுங்கள். அந்த முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

பதில் 2 (ஆதரவுப் பணியாளர்)

‘ஆதரவு’ என்ற ஒற்றை வரியைப் பற்றி எழுதுகிறேன். இத்தகைய திட்டங்கள் சரிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

முதல் சில வாரங்கள் எதிர்பாராத விதமாக இருக்கும். சாவியை வாங்கிய சிலர் கட்டிலை விட்டுத் தரையில் படுப்பார்கள். சிலர் விளக்கை அணைக்க மாட்டார்கள். சிலர் இரண்டு இரவு வீட்டிலும் மூன்றாவது இரவு பழைய இடத்திலுமாகத் தங்குவார்கள். இதைத் தோல்வி என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். தெருவில் அவர்களுக்குத் துணை இருந்தது, ஓசை இருந்தது, யார் எந்நேரம் எங்கே இருப்பார்கள் என்ற கணக்கு இருந்தது. நான்கு சுவருக்குள் அவை ஒரேயடியாக அறுந்துபோகின்றன. தனிமைதான் முதல் ஆண்டின் பெரிய பகை என்பது என் துணிபு. மருத்துவப் பிரச்சினைகளைவிட அதைக் கண்டே நான் அதிகம் அஞ்சுகிறேன்.

அந்தத் தனிமையிலிருந்தே அடுத்த சிக்கலும் பிறக்கிறது. பழைய தோழர்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வார்கள். மழைக்கு ஒதுங்க இடம் கேட்டு ஒருவர் வருவார், பிறகு நான்கு பேர் தங்குவார்கள், கடைசியில் வீட்டுக்குரியவரே ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டு, மறுக்கவும் துணிவில்லாமல், வாடகையும் கட்ட முடியாமல் தவிப்பார். விருந்தினரை முற்றாகத் தடை செய்வது தவறு. அது வீட்டை மீண்டும் காப்பகமாக்கிவிடும். ‘வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, நீங்கள் வந்து சொல்லுங்கள்’ என்று குடியிருப்பவர் பணியாளரிடம் கேட்கக்கூடிய உறவை முன்கூட்டியே வளர்த்துக்கொள்வதே வழி.

அன்றாட வேலை பெரும்பாலும் எளிமையானது, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது. அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், மின்கட்டணம், கடைக்குப் போய் வருதல், அடுப்பைப் பயன்படுத்தப் பழகுதல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், மருத்துவமனைக்கு உடன்செல்லுதல், அங்கே மருத்துவர் சொன்னதை வீட்டில் மறுபடி நிதானமாக எடுத்துச் சொல்லுதல். வாடகை பாக்கி சேரத் தொடங்கினால் முதல் மாதத்திலேயே கேளுங்கள். குடியிருப்பவரே ஒப்புக்கொண்டால், உதவித்தொகையிலிருந்து வாடகையை நேரடியாகச் செலுத்தும் ஏற்பாடு பல வெளியேற்றங்களைத் தடுக்கும். பொருள்களைக் குவித்து வைக்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. எல்லாம் களவுபோன வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் எதையும் எறியத் தயங்குவது இயல்பு. அவர் இல்லாத நேரத்தில் நுழைந்து வாரிக் கொட்டினால் அன்றோடு நம்பிக்கை போய்விடும். வாசலுக்கும் அடுப்புக்கும் கட்டிலுக்கும் செல்லும் வழியை மட்டும் முதலில் அவரோடு சேர்ந்தே சரிசெய்யுங்கள்.

பணியாளர் எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடும் மனநோய் உள்ளவர்களுக்கு, மனநல மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், தாமே வீடற்ற வாழ்வைக் கடந்துவந்த ஒருவர் ஆகியோர் அடங்கிய குழு, ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்ற விகிதத்தில், இரவிலும் அழைத்தால் வரக்கூடியதாக இருக்க வேண்டும். தேவை சற்றுக் குறைந்தவர்களுக்கு இருபது பேருக்கு ஒருவர் போதும். உங்கள் விவரிப்பைப் பார்த்தால், இரண்டு பணியாளர்கள் போதும் என்று யாராவது நிதிக் குழுவில் சொன்னால் எதிர்த்து நில்லுங்கள். சம்பளத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஆள் மாறினால், குடியிருப்பவர் தன் கதையை மறுபடி மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறைக்குப் பிறகு பலர் சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அபின் வகைப் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் தனி அறையில் அளவு மீறி எடுத்துவிட்டால் பக்கத்தில் உயிர்காக்க எவரும் இல்லை. தெருவில் யாராவது பார்த்திருப்பார்கள். பணியாளர்களிடமும் குடியிருப்பவர்களிடமும், அபின் வகைப் போதை அளவு மீறும்போது அதன் விளைவை முறியடிக்கும் நலோக்சோன் மருந்து இருப்பதும், அதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதும், ‘தனியாக இருக்கும்போது எடுக்கிறேன்’ என்று தண்டனைக்கு அஞ்சாமல் சொல்லக்கூடிய சூழல் நிலவுவதும் கட்டாயம்.

பதில் 3 (பொதுச் சுகாதார ஆய்வாளர்)

முந்தைய இரு பதில்களோடும் உடன்படுகிறேன். ஆயினும் நிதிக் குழுவிடம் அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இத்தகைய வீடுகள் மக்களை வீட்டில் நிலைக்கச் செய்கின்றன என்பதற்குச் சான்று மிக உறுதியானது. நோயைக் குணப்படுத்துகின்றன என்பதற்கு அவ்வளவு உறுதி இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தவிர மற்றவர்களிடம் இந்த வீட்டுவசதி உடல்நலத்தை மேம்படுத்துகிறது என்று காட்டும், வெளியிடப்பட்ட வலுவான சான்று இல்லை என்று முடிவு செய்தது. அவ்வறிக்கையே திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. இன்னும் நல்ல ஆய்வுகளும் கூடுதல் வீடுகளும் தேவை என்றது. இருபது ஆண்டு தெருவில் சிதைந்த உடலை ஓராண்டு வீட்டு வாழ்வு முழுதாகத் திருப்பித் தராது என்பதில் வியப்பில்லை.

செலவுக் கணக்கும் இப்படியே. அவசர சிகிச்சை, மருத்துவமனைப் படுக்கை, காவல்துறை, சிறை ஆகியவற்றில் மிச்சமாகும் பணம் வீட்டுச் செலவை ஈடுகட்டிவிடும் என்று சொல்லப்படுவதுண்டு. கனடிய ஆய்வில், சேவைகளை மிக அதிகமாகப் பயன்படுத்திவந்த 10 விழுக்காட்டினரிடம் செலவிட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் சராசரியாக 21.72 டாலர் மிச்சமானது. மற்றவர்களிடம் மிச்சம் செலவைவிடக் குறைவு. ஆகவே ‘இது தனக்குத்தானே பணம் ஈட்டிக்கொள்ளும்’ என்று நன்கொடையாளர்களிடம் பொதுவாகச் சொன்னால், மூன்றாம் ஆண்டுக் கணக்கு வரும்போது அதே வாக்குறுதியைக் காட்டித் திட்டத்தை மூடுவார்கள். மனிதர் ஒருவர் பூட்டக்கூடிய கதவுக்குப் பின்னால் அச்சமின்றி உறங்குகிறார் என்பதே திட்டத்தின் முதற்பயன். அதற்குத்தான் பணம் கேட்கிறோம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

முப்பது வீடுகளை யாருக்குத் தருவது என்பதையும் இப்போதே எழுத்தில் வையுங்கள். வேலை இழப்பாலோ குடும்பப் பிரிவாலோ அண்மையில் வீட்டை இழந்தவருக்குப் பெரும்பாலும் சில மாத வாடகை உதவியே போதும். அமெரிக்க அரசின் விதியில், ஊனமோ நாட்பட்ட நோயோ உள்ள ஒருவர் தொடர்ந்து 12 மாதங்கள், அல்லது மூன்று ஆண்டுகளில் குறைந்தது நான்கு முறையாக மொத்தம் 12 மாதங்கள் வீடற்று இருந்தால் அவரை நாட்பட்ட வீடின்மைக்கு உள்ளானவர் என்று கொள்கிறார்கள். அதே அளவுகோல் உங்களுக்கும் வேண்டும் என்பதில்லை. ஆனால் அளவுகோல் எழுதப்படாத இடத்தில், அமைதியாக, பணிவாக, எளிதாகப் பழகக்கூடியவரே தேர்வாவார். எவருக்காகத் தொடங்கினீர்களோ அவர் வெளியிலேயே நிற்பார்.

பதில் 4 (கட்டட மேலாளர்)

ஒரே கட்டடமா, ஊர் முழுவதும் பரவிய வீடுகளா என்ற கேள்விக்கு வருகிறேன். நியூயார்க்கிலும் கனடாவிலும் பெரும்பாலும் பரவிய வாடகை வீடுகளே பயன்படுத்தப்பட்டன. பலருடைய விருப்பமும் அதுவே. மாறாக, பின்லாந்து 2008 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பெரிய காப்பகங்களையே வாடகை ஒப்பந்தத்துடன் கூடிய தனி வீடுகளாக மாற்றியமைத்தார்கள். ஹெல்சின்கியில் 2008 இல் 558 ஆக இருந்த காப்பகப் படுக்கைகள் 2016 இல் 52 ஆகக் குறைந்தன. மனநோயிலிருந்து மீளும் பெண்களுக்காகச் சென்னையைச் சேர்ந்த ‘தி பான்யன்’ அமைப்பு 2015 இல் தொடங்கிய ‘ஹோம் அகெய்ன்’ இன்னொரு வகை: நான்கைந்து பேர் ஒரு வீட்டில் குடும்பம்போல் சேர்ந்து வாழ்கிறார்கள், உடனிருந்து உதவ ஒருவர் இருக்கிறார். தனி வீடு சிலருக்கு விடுதலை, சிலருக்குச் சிறை. கேட்டுவிட்டு முடிவெடுப்பதே நல்லது.

உங்களிடம் இருப்பது ஒரே கட்டடம் என்பதால் சில செய்திகள். வாசலில் இரவு பகலாக ஒருவர் இருக்கட்டும். அவருடைய வேலை வெளியாரின் அத்துமீறலைத் தடுப்பது, குடியிருப்பவரின் பையைச் சோதிப்பது அவர் வேலையன்று. சியாட்டில் நகரில் 2005 இல் திறக்கப்பட்ட ‘1811 ஈஸ்ட்லேக்’ கட்டடத்தில், கடும் குடிநோயாளிகளான 75 பேர் தங்கள் அறையிலேயே குடிக்க அனுமதிக்கப்பட்டார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் 2009 இல் வந்த ஆய்வில், அங்கே வாழ்ந்த காலம் கூடக்கூட அவர்கள் குடித்த அளவு குறைந்தது தெரிந்தது.

முதுமையை இப்போதே நினையுங்கள். நெடுங்காலம் தெருவில் இருந்தவர் ஐம்பது வயதிலேயே எழுபது வயதுக்குரிய தளர்ச்சியோடு வருகிறார்: தடுமாற்றம், மறதி, சிறுநீர் அடக்க இயலாமை. மின்தூக்கி, கழிப்பறைக் கைப்பிடி, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு ஆகியவற்றைக் கட்டட வேலையின்போதே செய்துவிட்டால் செலவு குறைவு. நிரந்தர வீடு என்றால் சிலர் அங்கேயே இறப்பார்கள் என்றும் பொருள். அதற்கான இறுதிக்காலப் பராமரிப்பு ஏற்பாடும், உடன் வாழ்ந்தவர்கள் துக்கத்தைப் பகிர ஓரிடமும் வேண்டும்.

பதில் 5 (இத்தகைய வீட்டில் வாழ்பவர்)

கதவைத் தட்டுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். ஆபத்து என்று உண்மையான ஐயம் இருந்தாலொழிய மாற்றுச் சாவியால் திறக்க வேண்டாம். தெருவில் எங்களை எவர் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் எழுப்பலாம் என்றிருந்தது. அதை நீங்களும் தொடர்ந்தால் வீட்டுக்கும் காப்பகத்துக்கும் வேறுபாடு தெரியாது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு மூன்றையாவது காட்டுங்கள். எந்தத் தளம், எந்தச் சன்னல், பக்கத்தில் யார் என்பவை எங்களுக்கும் முக்கியம். விதிகளை எழுதும் குழுவில் எங்களில் இருவரையாவது வாக்குரிமையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் செய்வதற்கு ஏதாவது வேலை, அரைநாள் ஊதியமாக இருந்தாலும், கட்டடத்துக்குள்ளேயே இருந்தால் பலர் வருவார்கள். வாரக் கூட்டத்துக்கு வராதவர்களும் அந்த வேலைக்கு வருவார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. காலக்கெடு யோசனையை நீக்கவும், வாடகை ஒப்பந்தத்தைத் தனித்தாளாக எழுதவும் குழுவிடம் வலியுறுத்துவேன். ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது: ஒருவர் அண்டை வீட்டாரை அடித்துவிட்டால், அல்லது மீண்டும் மீண்டும் அச்சுறுத்தினால் என்ன செய்வது? அப்போதும் வெளியேற்றக் கூடாதா?

பதில் 2 (ஆதரவுப் பணியாளர்)

வெளியேற்ற நேரிடலாம். அடி வாங்கியவரும் தெருவிலிருந்து வந்தவரே. அவருடைய பாதுகாப்பும் உங்கள் பொறுப்பு. அன்றைய இரவே இருவரையும் பிரித்து வைத்து, நோய் முற்றியதால் நடந்ததா, குடியாலா, பழைய பகையா, வெளியாளின் தூண்டுதலா என்று விசாரியுங்கள். நோய் முற்றியிருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்; அங்கிருக்கும் காலத்தில் வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெறும் இடத் தகராறு என்றால் வேறு தளமோ வேறு கட்டடமோ பலமுறை போதுமானதாக இருக்கிறது. இதற்காகவே முப்பது வீடுகளுக்கு வெளியே ஓரிரு வாடகை வீடுகளைக் கைவசம் வைத்திருங்கள்.

ஒப்பந்தத்தை முடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எழுத்து மூலமான அறிவிப்பு, அவர் தரப்பைக் கேட்பதற்கு ஒரு நாள், சட்டம் வகுத்த கால அவகாசம் ஆகிய மூன்றும் தவறக் கூடாது. வீட்டு ஒப்பந்தம் முடிந்தாலும் ஆதரவு முடிவதில்லை என்பதை அந்த அறிவிப்பிலேயே எழுதுங்கள். அதே பணியாளர் அவரைத் தொடர்ந்து சந்தித்து அடுத்த வீட்டைத் தேட வேண்டும். நியூயார்க்கிலும் கனடாவிலும் சிலர் இரண்டாவது வீட்டில்தான், சிலர் மூன்றாவது வீட்டில்தான் நிலைத்தார்கள். அதற்கான செலவையும் சேர்த்தே நிதிக் குழுவிடம் கேளுங்கள்.